டுவீட்சி என்னும் புகைவண்டி

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர் நெடிது கிடக்கின்றது. அதன் தென்பாகத்தில், வட கரோலினா மாநிலத்தில், பூன், புளோயிங் ராக் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு கேளிக்கைப் பூங்கா உள்ளது. சுழலும் இராட்டினங்களும், தின்பண்டக் கடைகளும், ஆடல் பாடல் அரங்குகளும் அங்கே உள. இவை எல்லாக் கேளிக்கைப் பூங்காக்களிலும் காணப்படுவனவே. ஆயின், இராட்டினத்தை ஏறிட்டும் பாராமல், தின்பண்டத்தை நாடாமல், கையில் புகைப்படக் கருவியோடு நேரே இருப்புப்பாதையின் ஓரத்திற்குச் செல்வோர் சிலர் அங்கு வருவதுண்டு. அவர்கள் காண வந்தது ஒரு பழைய நீராவி எஞ்சின். பன்னிரண்டு என்னும் எண் தாங்கிய அந்த எஞ்சின் 1917ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துப் பால்டுவின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நூறாண்டு கடந்தும் இன்றும் அது நிலக்கரியைத் தின்று, நீரைக் குடித்து, மலையைச் சுற்றி மூன்று மைல் பாதையில் வண்டிகளை இழுத்து வருகின்றது.

இந்த இரயில் அன்பர்களைக் கண்டு நகைப்பார் பலர். “கறுத்துப்போன ஓர் இரும்புக் கொதிகலனுக்காகவா நூற்றுக்கணக்கான மைல் கடந்து வருவது? மின்சார வண்டிகளும் விமானங்களும் உள்ள காலத்தில் புகையும் கரியும் கக்கும் பொறியிடம் என்ன அழகைக் கண்டனர்?” என்று அவர்கள் வினவுவர். அன்பர்கள் இதற்கு மறுமொழி கூறுவதில்லை. கூறினாலும் சக்கரங்களின் எண்ணிக்கையையும் உருளையின் அளவையும் பற்றிப் பேசத் தொடங்கிக் கேட்டவரை மேலும் களைப்புறச் செய்வர். அன்புடையார்க்குத் தம் அன்பின் காரணத்தை எடுத்துரைக்கும் ஆற்றல் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எனவே அவர்கள் பொருட்டு வேறொருவர் அதனை எடுத்துரைத்தல் தகும்.

அதற்கு முன்னர் இந்த எஞ்சினின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

டென்னசி மாநிலத்து ஜான்சன் சிட்டி என்னும் ஊரிலிருந்து மலையேறி, வட கரோலினாவின் கிரான்பெரி என்னும் இரும்புச் சுரங்கம் வரை 1882இல் ஓர் இருப்புப்பாதை அமைந்தது. அதன் நீளம் முப்பத்து நான்கு மைல். அகலமோ மூன்றே அடி. அந்நாட்டின் பொதுப்பாதை நான்கடி எட்டரை அங்குல அகலம் உடையது. குறுகிய பாதையாயின் கூர்மையான வளைவுகளிலும் வண்டி எளிதில் திரும்பும். மலையைக் குடைந்து வழி காணும் செலவும் குறையும். டோ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறையும் மறுபக்கம் பாயும் வெள்ளமுமாக அமைந்த அப்பாதை, சில இடங்களில் நூறடி ஓடுவதற்குள் நான்கடி மேலேறியது. இருப்புப்பாதை நூலறிந்தோர் இத்தகைய ஏற்றத்தைக் கடுமையானதென்பர். பின்னர் 1919 அளவில் பாதை பூன் வரையிலும் நீண்டது. அதுகாறும் குதிரை வண்டியையும் தம் கால்களையும் நம்பியிருந்த மலைவாழ் மக்கள் புறவுலகை எட்டிப் பார்க்க அது வாயிலாயிற்று. இரும்புத் தாது கீழே இறங்கியது, வெட்டுமரம் இறங்கியது, துணியும் உப்பும் கடிதங்களும் மேலே ஏறின.

“கிழக்கு டென்னசி மேற்கு வட கரோலினா இருப்புப்பாதை” என்பது அதன் முழுப்பெயர். அவ்வளவு நீண்ட பெயரை யார் சொல்வர்? அதன் முதலெழுத்துகளைக் கொண்டு, “உருளைக்கிழங்கைத் தின், உடை உடுத்தாதே” என்று பொருள்படும் வேறொரு தொடரை மலைமக்கள் ஆக்கிக்கொண்டனர். தம் வறுமையைத் தாமே நகையாடிக்கொள்ளும் பேச்சு அது. எஞ்சினின் ஊதல் சிறு பறவையின் குரல்போல் கீச்சென்று எழுந்து மலைச்சரிவுகளில் எதிரொலித்தது. அவ்வொலியை ஒட்டி “டுவீட்சி” என்னும் செல்லப்பெயரும் பிறந்தது. கம்பெனியார் இட்ட பெயர் பத்திரங்களில் தங்கிவிட்டது. மக்கள் இட்ட பெயரே நிலைத்தது.

1930க்குப் பின் அந்நாட்டைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிற்று. வேலை இழந்தோர் கையில் பயணச்சீட்டு வாங்கவும் காசில்லை. அந்நாளில் டுவீட்சியின் பணியாளர்கள் ஏழைகளைக் கட்டணமின்றி ஏற்றிச் சென்றனர். மலையிலிருந்து இறங்க இயலாதவர்க்காகக் கீழேயுள்ள கடைகளில் பொருள் வாங்கி வந்து கொடுத்தனர். இதனால் “இதயமுள்ள இருப்புப்பாதை” என்று மக்கள் அதனைப் போற்றினர். ஓர் எஞ்சினை மக்கள் நேசித்தனர் என்றால், முதற்கண் அதனை ஓட்டிய மனிதர்களை நேசித்தனர் என்பதே உண்மை. இரயில் அன்பர்களை நகைப்போர் இதனை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் இதயமும் இருப்புப்பாதையைக் காப்பாற்றவில்லை. நல்ல சாலைகள் அமைந்தன. சரக்கு மோட்டார்கள் வந்தன. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளம் வந்து பூன் செல்லும் பாதையைப் பல இடங்களில் அடித்துச் சென்றது. அப்பகுதி மீண்டும் கட்டப்படவில்லை. 1942இல், போர்க்கால வேலைக்கென அமெரிக்கப் படைத்துறை டுவீட்சியின் எஞ்சின்களில் இரண்டை வாங்கி, தொலைவிலுள்ள அலாஸ்காவின் ஒயிட் பாஸ் என்னும் மலைப்பாதைக்குக் கொண்டு சென்றது. அவை திரும்பவேயில்லை. எஞ்சியிருந்த குறுகிய பாதையும் 1950இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, எஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அக்குறும்பாதையில் ஓடிய எஞ்சின்களுள் இன்று எஞ்சி நிற்பது பன்னிரண்டாம் எண் ஒன்றே.

அது எஞ்சிய வகைதான் இங்கே கருதற்குரியது. முதலில் அதனைக் காப்பாற்ற முன்வந்தவர் வர்ஜீனியா மாநிலத்து இரயில் அன்பர் சிலர். அவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதனை வாங்கினர். தங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சிறு பாதை அமைத்து 1953இல் ஓட்டவும் தொடங்கினர். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஹேசல் என்னும் சூறாவளி வந்தது. பாதை சிதைந்தது. மீண்டும் கட்டப் பொருளில்லை. அவர்களுடைய அன்பில் குறையொன்றும் இல்லை. எனினும் அன்பு மட்டுமே தண்டவாளம் வாங்கித் தராது என்பதை அவர்கள் ஒரே புயலில் கற்றுக்கொண்டனர்.

அடுத்து, திரைப்படத்தில் குதிரை வீரராக நடித்தும் பாடியும் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரி என்பவர், எஞ்சினைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்த் தம் படங்களில் பயன்படுத்த எண்ணினார். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அதனைக் கொண்டு செல்லவும் செப்பனிடவும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துக் கைவிட்டார். முடிவில் புளோயிங் ராக் ஊரைச் சேர்ந்த குரோவர் ராபின்ஸ் என்னும் வணிகர் அதனைப் பெற்றார். அவர் தொழில்நுட்ப அறிஞர் அல்லர். ஊருக்கு விருந்தினர் வரவேண்டும், அதனால் வருவாய் வேண்டும் என்று எண்ணியவர். எஞ்சினைச் செப்பனிட்டு, பழைய பாதை முடிந்த பூன் நகருக்கு அருகிலேயே புதிய தண்டவாளம் இட்டு, 1957ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டு விடுதலை நாளன்று, ஓடவிட்டார். டுவீட்சி தன் பழைய மலைக்கே திரும்பி வந்தது. அதனைச் சுற்றிலும் ஒரு கேளிக்கைப் பூங்கா வளர்ந்தது.

இங்கேதான் அன்பர்களுக்குள்ளேயே பூசல் எழுந்தது. குதிரை வீரர் கதைகளைத் தொலைக்காட்சியில் கண்டு மக்கள் மயங்கியிருந்த காலம் அது. பூங்காவினரும் காலத்தோடு ஒட்டி ஒழுகினர். வண்டி மலையைச் சுற்றி வரும்போது முகமூடிக் கொள்ளையர் குதிரையேறி வந்து மறிப்பர், துப்பாக்கி வெடிக்கும், காவலர் தோன்றிக் கொள்ளையரை வெல்வர், குழந்தைகள் கைகொட்டி ஆரவாரிப்பர். இரும்புத் தாது சுமந்த டுவீட்சியின் வாழ்வுக்கும் மேற்குப் பாலைநிலத்துக் கொள்ளையர்க்கும் என்ன தொடர்பு? யாதொன்றும் இல்லை. ஏழைகளை இலவசமாக ஏற்றிச் சென்ற வண்டியைக் கொள்ளையடிக்க யார்தாம் வருவர்? வரலாற்றில் கருத்துடைய அன்பர் சிலர் இதனைக் கண்டு வருந்துகின்றனர். “முதிர்ந்த ஒரு பெரியாரை அழைத்து வந்து, முகத்தில் அரிதாரம் பூசிக் கூத்தாடச் செய்வது போல் அன்றோ இது? இதனினும் அமைதியான ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைப்பது மேல்” என்பது அவர்கள் கொள்கை.

அவர்கள் வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பொய் நாடகம் பொய் நாடகமே. அதனை வரலாறு என்று எண்ணிச் செல்லும் குழந்தையும் இருக்கக்கூடும். ஆயினும் அருங்காட்சியகமே மேல் என்னும் முடிவு ஏற்கத்தக்கதன்று. அதன் காரணத்தை அறிய, நீராவி எஞ்சின் எத்தகைய பொருள் என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு சிலையையோ செப்பேட்டையோ எங்கே வைத்தாலும் அது அதுவாகவே இருக்கும். எஞ்சினின் நிலை வேறு. உலையில் நிலக்கரி எரிகின்றது. அதன் வெப்பக் காற்று கொதிகலனுக்குள் அமைந்த நூற்றுக்கு மேற்பட்ட குழாய்களின் வழியே பாய்கின்றது. குழாய்களைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகின்றது. அடைபட்ட ஆவி அழுத்தம் மிகுந்து, இருபுறமும் உள்ள உருளைகளுள் புகுந்து, உந்துதண்டுகளை முன்னும் பின்னும் தள்ளுகின்றது, சக்கரங்கள் உருளுகின்றன. இதுவரை பள்ளிச் சிறுவரும் அறிவர். இதற்குமேல் ஒரு நுட்பம் உண்டு. வேலை முடித்த ஆவி வீணே வெளியேறுவதில்லை. புகைபோக்கியின் அடியில் ஒரு சிறு வாயின் வழியாக அது மேல்நோக்கிப் பாய்ந்து செல்கின்றது. செல்லும்போது குழாய்களிலுள்ள புகையையும் இழுத்துச் செல்கின்றது. அதனால் உலைக்குள் புதிய காற்று புகுந்து நெருப்பு சீறி எரிகின்றது. ஏற்றத்தில் எஞ்சின் எத்துணைப் பாடுபடுகின்றதோ, அத்துணை வேகமாக ஆவி வெளியேறும்; அத்துணை வலிமையாக நெருப்பும் எரியும்; அத்துணை மிகுதியாக மீண்டும் ஆவி பிறக்கும். உழைப்பே தனக்குரிய ஆற்றலைத் தேடித் தருகின்றது. வண்டி ஓடும்போது நாம் கேட்கும் “குப் குப்” என்னும் ஒலி அந்த ஆவி வெளிப்படும் ஓசையே. சக்கரம் ஒரு முறை சுழலும்போது அவ்வொலி நான்கு முறை கேட்கும். பழகிய ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டே, அந்நான்கில் ஒன்று இளைத்தாலும் பொறியில் எங்கே பழுது என்று உணர்வார்.

இனி, கரியிடுவோரின் வேலையைக் காண்போம். நிலக்கரியை வாரி உள்ளே வீசினால் போதும் என்று பலரும் எண்ணுவர். ஓரிடத்தில் குவிந்தால் நெருப்பு மூச்சடைத்துக் கரும்புகை கக்கும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் குளிர்காற்று புகுந்து ஆவி குன்றும். மெல்லிய படலமாக, எங்கும் ஒருசீராக, நிலம் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே மண்வாரியால் இட வேண்டும். ஏற்றம் வருவதற்கு முன்பே அதனை எண்ணி நெருப்பை ஆயத்தம் செய்ய வேண்டும். ஏற்றத்திற்கு வந்தபின் இட்டால் காலங்கடந்துவிடும். இவை அனைத்தினும் பெரியது நீரின் கணக்கு. உலையின் மேற்றகடு எப்போதும் நீரில் மூழ்கியிருத்தல் வேண்டும். நீர் தாழ்ந்து தகடு வெளிப்பட்டால், அது செஞ்சூடேறி இளகும்; கொதிகலன் வெடித்து உயிர்களைக் கொள்ளும். ஆதலால் கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை அவர் இடைவிடாது நோக்கிக்கொண்டே இருப்பார். இறக்கத்தில் வண்டி சாயும்போது மட்டமும் மாறித் தோன்றும். அதனையும் கணக்கிட்டு அறிதல் வேண்டும்.

இந்த அறிவு எந்த ஏட்டில் உள்ளது? ஏடுகள் உள, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நீச்சலைப் பற்றிய நூலைக் கற்றவன் நீந்த வல்லவன் ஆகான். மூத்த ஓட்டுநர் இளைஞனை அருகே நிறுத்தி, “இந்த ஒலியைக் கேள், இந்த நெருப்பின் நிறத்தைப் பார்” என்று காட்டினாலன்றி அது கைவருவதில்லை. ஓடாத எஞ்சினின் அருகே அதனைக் காட்ட இயலாது. அருங்காட்சியகத்தில் நிற்கும் எஞ்சின் துருவேறாமல் நூறாண்டு நிற்கும். அதனை ஓட்டத் தெரிந்த கடைசி மனிதர் இறந்த நாளில் அதன் பாதி இறந்துவிடும். இரும்பைக் காப்பது எளிது. இரும்போடு பழகிய கையைக் காப்பதுதான் அரிது.

டுவீட்சிப் பூங்காவில் அக்கைகள் இன்றும் உள. பழுதுற்ற உறுப்புக்கு மாற்று வாங்கக் கடை ஏதும் இல்லை. எஞ்சினைச் செய்த பால்டுவின் தொழிற்சாலையும் மூடப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. எனவே பூங்காவினர் தமக்கென ஒரு பட்டறை வைத்து, வேண்டிய உறுப்புகளைத் தாமே செய்துகொள்கின்றனர். பிற பூங்காக்களின் நீராவி எஞ்சின்களும் செப்பனிடுவதற்காக அங்கு வருகின்றன. முகமூடிக் கொள்ளையர் நாடகம் நடக்கும் இடத்திற்கு அணித்தே, கொதிகலன் தொழிலைக் கற்பிக்கும் ஒரு பள்ளி நடைபெறுகின்றது என்றே சொல்லலாம். நாடகத்தைக் காண வந்தோர் தந்த காசினால்தான் அப்பள்ளி நடைபெறுகின்றது.

இதற்கு அருங்காட்சியகத்தார் கூறும் மறுப்பு ஒன்று உண்டு; அது வலியது. “ஓடும் பொருள் தேயும். தேய்ந்ததை மாற்றுவீர்கள். இன்று ஒரு குழாய், நாளை ஒரு தகடு, பின்பு சக்கரத்தின் இரும்புப் பட்டை என்று எல்லாம் மாறினால், 1917இல் செய்த பொருள் எங்கே? நீங்கள் காப்பது பழைய எஞ்சினையா, அதன் பெயரையா?” என்று அவர்கள் கேட்பர். ஊர்த்தேரை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். தேரின் சக்கரம் மாறும், வடம் மாறும், மரச்சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறும். எனினும் பாட்டன் இழுத்த தேரையே பேரனும் இழுக்கின்றான் என்பதில் ஊரார் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. எஞ்சின் தன் பணிக்காலத்திலும் இவ்வாறே உறுப்பு மாறி மாறித்தான் ஓடியது. மாறாத எஞ்சின் என்று ஒன்று எந்நாளும் இருந்ததில்லை. ஆயினும் மாற்றிய உறுப்பு எது, மாற்றிய ஆண்டு எது என்று குறித்து வைப்பதும், கழற்றிய பழைய உறுப்பை எறிந்துவிடாமல் வைப்பதும் கடமை. அவ்வளவில் அருங்காட்சியகத்தார் கூற்றை ஒப்புக்கொள்ளலாம். 1992இல் அமெரிக்க அரசு வரலாற்றுச் சிறப்புடைய பொருள்களின் தேசியப் பதிவேட்டில் இந்த எஞ்சினைச் சேர்த்தது. ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே சேர்த்தது.

பூங்காக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கலிபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலாந்து பூங்காவிலும் நீராவி எஞ்சின்கள் ஓடுகின்றன. அவற்றுள் 1894இல் பால்டுவின் தொழிற்சாலையில் செய்த ஒன்று முன்பு லூசியானாவில் கரும்பு வண்டிகளை இழுத்தது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவின் எஞ்சின்கள் நான்கும் மெக்சிகோவின் யூக்கத்தானில் உழைத்து ஓய்ந்து, பழைய இரும்பாகும் நிலையில் மீட்கப்பட்டவை. அவையும் உண்மையான நீராவியால் ஓடுவனவே. ஆனால் நிலக்கரிக்கு மாறாக எண்ணெயை எரிக்கின்றன. வேறு பல பூங்காக்களிலோ டீசல் எஞ்சினுக்குப் போலிப் புகைபோக்கி பொருத்தி, நீராவி எஞ்சினைப் போல் அலங்கரித்து ஓட்டுகின்றனர். குழந்தைகள் அதிலும் மகிழ்ந்தே செல்கின்றனர். கணக்குப் பார்க்கும் மேலாளர் ஒருவர், “விடியலில் எழுந்து நெருப்பு மூட்டுவானேன்? திறவுகோலைத் திருகினால் ஓடும் டீசல் போதாதா? வருவோர் வேறுபாடு அறியவா போகின்றனர்?” என்று கேட்டால், அவர்க்கு மறுமொழி கூற யார் உளர்?

வேலியோரம் நிற்கும் அன்பர்களே உளர். போலியை அவர்கள் நூறடித் தொலைவிலேயே அறிவர். அவர்கள் சிலரே ஆயினும், அவர்களுடைய கண் பூங்காவின்மேல் இருக்கும்வரை மேலாளர் தயங்குவார். டுவீட்சியின் அன்பர்கள் தமக்குள் ஒரு வரலாற்றுக் கழகம் அமைத்து, பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் தேடித் தொகுக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை ஒரு வார இறுதியை இருப்புப்பாதை மரபுக்கெனப் பூங்காவினர் ஒதுக்குகின்றனர். அன்று பட்டறையும் பார்வைக்குத் திறந்து விடப்படுகின்றது. எஞ்சினின் பெருமையைப் பூங்காவினர்க்கே எடுத்துக் கூறி உணர்த்தியவர்கள் அன்பர்கள் என்றால் மிகையாகாது.

ஆகவே கூட்டம் தரும் காசின்றி எஞ்சினுக்குக் கரி இல்லை. வர்ஜீனியா அன்பர்களின் கதை அதனைக் காட்டும். அன்பர்களின் கண்ணின்றி, நாளடைவில் கரி எரியும் எஞ்சினே இல்லாமற் போகும். டீசல் போலிகள் அதனைக் காட்டும். கொள்ளையர் நாடகத்தை வெறுக்கும் அன்பர், அந்நாடகத்தைக் கண்டு கைகொட்டும் குழந்தையே தம் எஞ்சினுக்கு உணவளிக்கின்றது என்பதை எண்ணிச் சினம் தணிதல் வேண்டும். பூங்காவினரும், நுழைவுச்சீட்டு வாங்கியபின் வேறொன்றும் வாங்காமல் நாள் முழுதும் பாதையோரம் நிற்கும் மனிதரைப் பயனற்றவர் என்று கருதலாகாது.

புகையைப் பற்றிய குறை ஒன்று இக்காலத்தில் எழுகின்றது. நிலக்கரிப் புகை உலகின் வெப்பத்தை மிகுவிக்கும் என்பதில் ஐயமில்லை. நாட்டின் பெரும்பாதைகளில் மீண்டும் நீராவி எஞ்சின்களை ஓட்டவேண்டும் என்று எவரேனும் சொன்னால் அது பேதைமை. மூன்று மைல் பாதையில் பகலில் சில முறை சுற்றும் ஒன்றிரண்டு எஞ்சின்களின் செய்தி வேறு. அதற்கும் அளவு வேண்டும் என்பார் கூற்றைக் கேட்டுக்கொள்ளலாம். அளவு ஏற்கெனவே சிறிது.

டுவீட்சிக்கு இன்று ஒரு துணையும் உண்டு. 1943இல் பால்டுவின் தொழிற்சாலையில் படைத்துறைக்கெனச் செய்யப்பட்ட 190ஆம் எண் எஞ்சின் அது. அதே அமைப்புடைய எஞ்சின்கள் பல, பாதையின் அகலத்திற்கேற்ப மாற்றப்பட்டு, போர்க்காலத்தில் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டன. இந்திய மீட்டர் பாதைகளில் அவை “மெக்கார்தர்” என்னும் பெயரால் நெடுங்காலம் உழைத்தன. 190ஆம் எண்ணோ அலாஸ்காவின் ஒயிட் பாஸ் பாதையில் உழைத்து, 1960இல் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. டுவீட்சியின் உடன்பிறப்புகள் இரண்டு போய் மீளாத அதே பாதை அது. அங்கிருந்து ஒன்றேனும் வந்ததே என்று கூறி மகிழும் அன்பர்களும் உளர். இரும்புக்கும் இவ்வாறு உறவுமுறை கற்பிப்பதைக் கேட்டால் நகைப்போர் மேலும் நகைக்கலாம். நகைக்கட்டும்.

மாலையில் கடைசிச் சுற்று முடிந்ததும், இராட்டினங்கள் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் நின்றுவிடும். எஞ்சினை அவ்வாறு நிறுத்த இயலாது. கொட்டகைக்குள் கொண்டுபோய், சாம்பலை வாரி, உலையைத் துப்புரவாக்கி, கொதிகலனில் மறுநாளைக்கு வேண்டும் நீரை நிரப்பி, அச்சுகளைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் இட்டபின்னரே பணியாளர் வீடு திரும்ப இயலும். இரவெல்லாம் அந்த இரும்பு சிறிது சிறிதாகக் குளிரும். குளிரும்போது அங்கங்கே ஒலி எழுப்பும். விடியுமுன் வருபவர் விளக்கை ஏற்றிவிட்டு, முதலில் கொதிகலனின் பக்கத்தே கை வைத்துப் பார்ப்பார். முந்திய நாளின் சூடு சிறிது எஞ்சியிருக்கும். அதனால் அன்று காலை நெருப்பைச் சற்றே தாழ்த்து மூட்டலாம்.